குவாண்டம் நிரல் எழுதக் கற்பவருக்கு: படிகளின் வரிசையும் வழுக்கும் இடங்களும்

குவாண்டம் நிரலாக்கம் கற்க வருபவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் திரையைப் பார்த்தே சில ஆண்டுகளைக் கழித்திருக்கிறேன். கல்லூரி மாணவர்கள், மென்பொருள் வேலையில் இருப்பவர்கள், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர். இடையில் விட்டுப்போனவர்களைக் கேட்டால் "கணக்கு தலையில் ஏறவில்லை" என்பார்கள். நான் பார்த்த காரணம் வேறு. ஐந்தாவது படியில் செய்யவேண்டியதை முதல் நாளே செய்துவிட்டார்கள். க்ரோவர் என்ற தேடல் அல்காரிதத்தை எங்கிருந்தோ நகலெடுத்து உண்மையான குவாண்டம் கணினிக்கு அனுப்பி, திரும்பி வந்த குப்பையைப் பார்த்து மிரண்டார்கள்.

"எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்க்கும் கணினி" என்ற விளக்கத்தை முதலில் கழற்றி வையுங்கள். அளந்தால் ஒரே ஒரு விடைதான் வெளியே வரும். அது ஏதோ ஒன்றாக இருந்தால், பகடை உருட்டியதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. தவறான விடைகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறையும்படி ஏற்பாடு செய்வதுதான் குவாண்டம் நிரல் எழுதும் வேலை. கீழே உள்ள வரிசை முழுவதும் இதைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

இயற்பியல் பட்டம் தேவையில்லை. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்தவரென்றால், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கின் முதல் இரண்டு பாடங்களான அணிகளையும் கலப்பு எண்களையும் தூசிதட்டி எடுங்கள். 2×2 அணியை ஒரு வெக்டரால் பெருக்கத் தெரியவேண்டும். ஒரு கலப்பு எண்ணின் மட்டு மதிப்பை வர்க்கப்படுத்தத் தெரியவேண்டும். நிகழ்தகவுகளின் கூடுதல் 1 என்பது நினைவில் இருக்கவேண்டும். முதல் இரண்டு மாதங்களுக்கு இது போதும்.

பைத்தானில் சார்பு எழுதவும், பட்டியலில் சுற்றிவரவும், பிழைச் செய்தியைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கவும் தெரிந்திருக்கவேண்டும். மூன்றாவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பிழைச் செய்தி வந்ததும் அதைப் படிக்காமல் மூடிவிட்டு நிரலை மறுபடியும் ஓட்டிப் பார்ப்பவர்களே அதிகம்.

ஒரு கோடுபோட்ட நோட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் படியில் கையால் பெருக்கவேண்டியிருக்கும்.

2. கணினியைத் தயார் செய்தல்

ஐபிஎம் வெளியிட்டுள்ள கிஸ்கிட் என்ற இலவச பைத்தான் நூலகத்தை வைத்துச் சொல்கிறேன். கூகுளின் சர்க், பென்னிலேன் போன்றவையும் உண்டு. ஒன்றை எடுத்துக்கொண்டு அதிலேயே ஆறு மாதம் இருங்கள்.

முதலில் இந்த வேலைக்கென்று தனி மெய்நிகர் சூழலை பைத்தானில் உருவாக்கி, அதற்குள் கிஸ்கிட்டையும், குவாண்டம் கணினியைப் போல நம் கணினியிலேயே நடித்துக்காட்டும் ஏயர் என்ற சிமுலேட்டரையும் நிறுவுங்கள். தனிச் சூழல் ஏன்? 2024 பிப்ரவரியில் வந்த கிஸ்கிட் 1.0, பழைய பதிப்போடு ஒரே சூழலில் ஒத்துப்போகாது. பழையதன் மேலேயே புதியதை ஏற்றியவர்கள், நூலகத்தை அழைக்கும் முதல் வரியிலேயே பிழை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். சரிசெய்ய முயல்வதைவிடச் சூழலை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே வேகம்.

இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பகுதி 1.0க்கு முந்தையது. "எக்ஸிகியூட்" என்ற கட்டளையைக் கண்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள், அது நீக்கப்பட்டுவிட்டது.

சிமுலேட்டருக்கு எவ்வளவு நினைவகம் வேண்டும் என்று பலர் கேட்பார்கள். ஒவ்வொரு க்யூபிட் (0, 1 இரண்டின் கலவையாகவும் இருக்கக்கூடிய குவாண்டம் பிட்) கூடும்போதும் தேவை இரட்டிப்பாகும். நிலை வெக்டர் (க்யூபிட்டுகளின் நிலையைக் குறிக்கும் கலப்பு எண்களின் பட்டியல்) முழுவதையும் வைத்துக்கொள்ள 25 க்யூபிட்டுக்கு அரை ஜிபி, 28க்கு 4 ஜிபி, 30க்கு 16 ஜிபி. நாம் செய்யப்போவது எதுவும் பத்தைத் தாண்டாது. இருக்கிற மடிக்கணினியே போதும்.

3. ஒரே ஒரு க்யூபிட்டோடு ஒரு வாரம்

நான் மிக அதிகமாக வற்புறுத்துவதும், வந்தவர்கள் மிக வேகமாகக் கடக்க நினைப்பதும் இந்தப் படிதான். மூன்று சோதனைகள். ஒவ்வொன்றையும் முதலில் நோட்டில் கணக்கிட்டு, விடையை எழுதிவைத்துவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். ஓட்டிவிட்டு விளக்கம் தேடினால் எந்த விடையும் நியாயமாகவே தோன்றும்.

முதல் சோதனை: 0 நிலையில் இருக்கும் க்யூபிட்டின் மேல் எச் வாயிலை ஒருமுறை போட்டு அளங்கள். வாயில் என்பது க்யூபிட்டின் நிலையை மாற்றும் ஒரு செயல்; எச் அதை 0, 1 இரண்டின் சமக் கலவையாக்கும். 1024 முறை ஓட்டினால் ஏறக்குறைய பாதி 0, பாதி 1 வரும். சரியாக 512 வரவில்லையே என்று கலங்கவேண்டாம். இங்கே திட்டவிலக்கம் 16. அதாவது 496க்கும் 528க்கும் இடையில் விழுவது சாதாரணம், 480 வந்தாலும் வியப்பில்லை. இதை இப்போதே மனத்தில் பதித்தால், பின்னால் வெறும் சிதறலைக் கருவியின் பிழை என்று நினைத்து ஒரு மாலையை வீணாக்கமாட்டீர்கள்.

இரண்டாவது: எச் வாயிலை இரண்டு முறை போட்டு அளங்கள். ஓட்டும் முன் எல்லோரிடமும் கேட்பேன். "நாணயத்தை இரண்டு முறை சுண்டினாலும் பாதிக்குப் பாதிதானே" என்பார்கள். ஓட்டினால் 1024 முறையும் 0 வரும். நோட்டில் பாருங்கள்: முதல் எச்சுக்குப் பிறகு 0, 1 ஒவ்வொன்றுக்குமான வீச்சு (மட்டு மதிப்பை வர்க்கப்படுத்தினால் நிகழ்தகவு தரும் எண்) 1/√2. இரண்டாவது எச்சில் 0க்கான வீச்சு ½ + ½, 1க்கான வீச்சு ½ − ½. அந்தக் கழித்தல் குறிதான் எல்லாமே. நிகழ்தகவுக்கு எதிர்மறை மதிப்பு கிடையாது, ஆகவே நாணயங்களால் இது முடியாது. வீச்சுக்கு அது உண்டு.

மூன்றாவது: அதே இரண்டு எச்சுகளுக்கு நடுவில் ஓர் அளவீட்டைச் செருகுங்கள். மறுபடியும் பாதிக்குப் பாதி! நடுவில் எட்டிப் பார்த்ததால் கழித்தல் நடக்க வழியில்லாமல் போய்விட்டது. இந்தச் சோதனையை நோட்டில் பெரிதாக எழுதிவையுங்கள். ஐந்தாம் படியில் வேறு வேடத்தில் திரும்பி வரும்.

நேரமிருந்தால் நடுவில் அளவீட்டுக்குப் பதில் இசட் வாயிலைப் போடுங்கள். இசட் தனியாக நின்றால் அளவீட்டில் எந்த மாற்றமும் தெரியாது. இரண்டு எச்சுகளுக்கு நடுவே நின்றால் 0 முழுவதுமாக 1 ஆகிவிடும். இசட் மாற்றுவது கட்டத்தை, அதாவது 1க்கான வீச்சின் குறியை. கட்டம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்துகொண்டு விடையை மாற்றும்.

4. இரண்டு க்யூபிட்: எந்தத் திசையில் படிப்பது

முதலில் திசை. மூன்று க்யூபிட் எடுத்து, சுழிய எண் கொண்ட முதல் க்யூபிட்டின் மேல் மட்டும், 0ஐ 1ஆகவும் 1ஐ 0ஆகவும் புரட்டும் எக்ஸ் வாயிலைப் போட்டு அளங்கள். கிஸ்கிட் 001 என்று காட்டும். முதல் க்யூபிட் வலது ஓரத்தில் இருக்கிறது, நாம் எண்களில் ஒன்றாம் இடத்தை வலப்புறம் வைப்பதுபோல. வேறு நூலகங்களிலும் பாடநூல்களிலும் இது தலைகீழாக இருக்கலாம். புது நூலகம் எதைத் தொட்டாலும் முதல் நிரலாக இதைத்தான் நான் ஓட்டுவேன்.

அடுத்தது பதிவேடு, அளந்த விடைகளை வைக்கும் இடம். சர்க்யூட்டை (வாயில்களின் வரிசையை) உருவாக்கும்போதே விடைக்கென்று இரண்டு மரபார்ந்த பிட்டுகளைக் கொடுத்துவிட்டு, கடைசியில் "எல்லாவற்றையும் அள" என்ற கட்டளையையும் போட்டால், அது தனக்கென்று இன்னொரு பதிவேட்டைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளும். முடிவில் "11 00" என்று நடுவில் இடைவெளியோடு வரும். "ஏன் நான்கு பிட் வருகிறது?" என்று கேட்டவர்கள் அனைவரும் செய்திருந்த தவறு இதுதான். பிட்டுகளை நீங்கள் கொடுங்கள், அல்லது அந்தக் கட்டளையிடம் விடுங்கள். இரண்டும் வேண்டாம். முடிவை எடுக்கும்போதும் பதிவேட்டின் பெயரைச் சொல்லித்தான் கேட்கவேண்டும். பெயர் தவறினால் "அப்படி ஒன்று இல்லை" என்று பிழை வரும்.

இப்போது பின்னல், அதாவது இரண்டு க்யூபிட்டுகளின் விடைகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் நிலை. முதல் க்யூபிட்டில் எச், பிறகு அதிலிருந்து இரண்டாவதுக்கு ஒரு சிநாட் (முதலாவது 1 என்றால் மட்டும் இரண்டாவதைப் புரட்டும் வாயில்). அளந்தால் 00, 11 மட்டுமே வரும். இங்கேயே கைதட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நகராதீர்கள். இரண்டு பெட்டிகளில் ஒரே நிறப் பந்தைப் போட்டு வைத்தாலும் இதே பொருத்தம் கிடைக்குமே! வேறுபாட்டைக் காண, அளப்பதற்கு முன் இரண்டு க்யூபிட்டின் மேலும் எச் போடுங்கள். அப்போதும் 00, 11 மட்டுமே வரும். பிறகு சிநாட்டுக்கும் அந்த எச்சுகளுக்கும் நடுவில் ஓர் அளவீட்டைச் செருகுங்கள். நான்கு விடைகளும் சமமாகச் சிதறும். பந்துகளின் நிலை அதுதான்.

5. முதல் அல்காரிதம் க்ரோவர் அல்ல

மறைந்திருக்கும் எண்ணைக் கண்டுபிடிக்கும் பெர்ன்ஸ்டைன்–வசிரானி அல்காரிதத்தில் தொடங்குங்கள். சிறியது, விடை ஒரே சுற்றில் உறுதியாக வரும், தவறு செய்தால் எந்தத் தவறு என்பதைக் காட்டிக்கொடுக்கும். ஒரு நல்ல ஆசிரியருக்கு வேறென்ன வேண்டும்?

1011 என்ற ரகசிய எண் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருக்கிறது. நாம் கொடுக்கும் எண்ணிலும் ரகசியத்திலும் ஒருசேர 1 வரும் இடங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று மட்டுமே பெட்டி சொல்லும். சாதாரண நிரல் நான்கு கேள்வி கேட்கவேண்டும், இது ஒன்றில் முடிக்கும். நான்கு க்யூபிட், ஓர் உதவி க்யூபிட். உதவி க்யூபிட்டில் எக்ஸ், பிறகு எச் போட்டு மைனஸ் நிலைக்கு (1க்கான வீச்சு கழித்தல் குறியோடு இருக்கும் சமக் கலவை) கொண்டுவருங்கள். மற்ற நான்கிலும் எச். ரகசியத்தில் 1 உள்ள இடங்களிலிருந்து உதவி க்யூபிட்டுக்கு சிநாட். மறுபடியும் நான்கிலும் எச், அளவீடு.

உதவி க்யூபிட்டில் எக்ஸை மறந்துவிட்டு எச் மட்டும் போட்டால் எப்போதும் 0000 வரும். இரண்டையும் மறந்தால் பாதி 0000, பாதி சரியான விடை வரும். ரகசியம் 1101 என்று திரும்பி வந்தால், நான்காம் படியைத் தாண்டிக் குதித்தவர் நீங்கள். 101, 1001 போல இருபுறமும் ஒன்றாக இருக்கும் எண்ணைச் சோதனைக்கு எடுக்காதீர்கள், இந்தத் தவறு வெளியே தெரியாது.

பிறகு க்ரோவர், மூன்று க்யூபிட்டில். எட்டில் ஒன்றைத் தேடுகிறோம். பெட்டியை ஒருமுறை கேட்டு, சரியான விடையின் வீச்சைக் கூட்ட முயல்வது ஒரு சுற்று. ஒரு சுற்றுக்குப் பின் சரியான விடையின் நிகழ்தகவு 78 சதவீதம், இரண்டு சுற்றில் 94.5. "இன்னொரு சுற்று போட்டால் நூறு ஆகுமே" என்று மூன்றாவதைப் போட்டவர் 33 சதவீதத்துக்கு இறங்குவார். ஊஞ்சல் உச்சியைத் தொட்டபின் திரும்பித்தானே வரும். சுற்றுகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே கணக்கிடவேண்டும். ஏறக்குறைய மொத்தத்தின் வர்க்கமூலத்தை 0.785ஆல் பெருக்கினால் கிடைக்கும்.

கூர்மையான மாணவர் இங்கே ஒரு கேள்வி கேட்பார்: "விடையை நாமே கறுப்புப் பெட்டிக்குள் எழுதிவிட்டு, அதையே தேடுவதில் என்ன இருக்கிறது?" நியாயமான கேள்வி. பயிற்சியில் அப்படித்தான் செய்கிறோம். உண்மையில் பெட்டிக்குள் இருக்கவேண்டியது விடையைச் சரிபார்க்கும் விதி. சுடோகுவைத் தீர்க்கத் தெரியாதவரும் முடித்த கட்டத்தைச் சரிபார்த்துவிடுவார். ஆகவே அடுத்த பயிற்சியாக "முதல் இரண்டு பிட்டும் வேறுபடவேண்டும், கடைசி இரண்டும் 1ஆக இருக்கவேண்டும்" என்பதுபோன்ற விதியை வாயில்களாக எழுதுங்கள்.

எழுதும்போது இடைக்கணக்குக்குக் கூடுதல் க்யூபிட் தேவைப்படும். வேலை முடிந்ததும் அதே வாயில்களைத் தலைகீழ் வரிசையில் போட்டு அதைப் பழைய 0 நிலைக்குத் திருப்பவேண்டும். திருப்பாமல் விட்டால் க்ரோவர் வேலை செய்யாது, பிழைச் செய்தியும் வராது. காரணம் மூன்றாம் படியின் மூன்றாவது சோதனை. அந்தத் துண்டுக் க்யூபிட்டில் தகவல் ஒட்டிக்கொண்டிருப்பது, யாரோ நடுவில் எட்டிப் பார்த்ததற்குச் சமம், கழித்தல் நடக்காது. பார்த்தவரையில் மிக அதிக நாட்களைத் தின்ற தவறு இது.

6. இரைச்சலை வீட்டிலேயே பழகுதல்

உண்மைக் கருவிக்குப் போகும் முன், ஏயர் சிமுலேட்டரில் இரைச்சலை, அதாவது வாயில்கள் அவ்வப்போது தவறுவதை, சேர்த்து ஓட்டுங்கள். இரண்டு க்யூபிட் வாயில் ஒவ்வொன்றும் நூற்றில் ஒருமுறை தவறும் என்று வைத்துக்கொண்டால், நூறு வாயில்கள் உள்ள சர்க்யூட் பிழையில்லாமல் முடியும் வாய்ப்பு 37 சதவீதம்தான். இரண்டு சுற்று க்ரோவரில் மட்டும், மூன்று க்யூபிட் வாயில்களைப் பிரித்தால் ஏறக்குறைய 24 சிநாட்டுகள் வரும். ஒன்றுக்கொன்று பக்கத்தில் இல்லாத க்யூபிட்டுகளை இணைக்க இடமாற்றம் தேவை. ஒவ்வொரு இடமாற்றமும் மூன்று சிநாட். ஆகவே எண்ணவேண்டியது வரிகளை அல்ல, இரண்டு க்யூபிட் வாயில்களை.

ஷாட் எண்ணிக்கையை, அதாவது ஒரே சர்க்யூட்டை ஓட்டும் முறைகளை, கூட்டினால் சிதறல் குறையும், இரைச்சல் குறையாது. 1024ஐ 10,000 ஆக்கினால் அதே தவறான விடையை இன்னும் துல்லியமாகப் பெறுவீர்கள்.

7. உண்மைக் கருவி

ஐபிஎம்மின் இலவசத் திட்டத்தில் 28 நாட்களுக்குப் பத்து நிமிடக் கருவி நேரம் கிடைக்கிறது. வரிசையில் காத்திருக்கும் நேரம் இதில் சேராது. பத்து நிமிடம் என்பது கவனமாகச் செலவழித்தால் தாராளம். பல சர்க்யூட்டுகளை ஒரே வேலையாகச் சேர்த்து அனுப்புங்கள்.

அனுப்பும் முன் சர்க்யூட்டை அந்தக் குறிப்பிட்ட கருவிக்கென்று டிரான்ஸ்பைல் செய்யவேண்டும். கருவிக்கு எச்சும் சிநாட்டும் தெரியாது. அதற்கென்று உள்ள சில வாயில்களும், அருகருகே உள்ள இணைப்புகளும்தான் தெரியும். செய்யாமல் அனுப்பினால் வேலை நிராகரிக்கப்படும். டிரான்ஸ்பைலர் ஓரளவு சீட்டுக் குலுக்கிப் பார்க்கும் சாதனம் என்பதால், வெவ்வேறு தொடக்க எண்களைக் கொடுத்துப் பத்து முறை செய்து, இரண்டு க்யூபிட் வாயில் குறைவாக வந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

சாம்ப்ளர், எஸ்டிமேட்டர் என்று இரண்டு வழிகள் உண்டு. முதலாவது 00, 11 என்ற எண்ணிக்கையைத் தரும். சர்க்யூட்டில் அளவீடு இருக்கவேண்டும். இரண்டாவது ஓர் அளவின் சராசரி மதிப்பைத் தரும்; சர்க்யூட்டில் அளவீடு இருக்கக்கூடாது. மாற்றிக் கொடுத்தால் இரண்டுமே முரண்டு பிடிக்கும்.

வேலையின் அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு மடிக்கணினியை மூடிவிடலாம். மறுநாள் அந்த எண்ணை வைத்து முடிவை எடுத்துக்கொள்ளலாம். இது தெரியாமல் நள்ளிரவுவரை திரையைத் திறந்துவைத்துக் காவல் காத்த ஒருவரை எனக்கு நன்றாகவே தெரியும், அது நான்தான். இன்னொன்று: ஐபிஎம் கணக்கின் ரகசியச் சாவியை நிரல் எழுதும் நோட்புக் கோப்புக்குள் எழுதாதீர்கள். அந்த நோட்புக்கை ஒருநாள் யாருக்காவது அனுப்புவீர்கள்.

முதலில் அனுப்பவேண்டியது நான்காம் படியின் பின்னல் சர்க்யூட். 01, 10 என்று சில வரும். அவற்றின் பங்கை எழுதிவையுங்கள், அதுதான் கருவியோடு உங்கள் அறிமுகம்.

8. அடுத்த பத்தாண்டுக்கு எதைக் கற்பது

க்யூபிட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து எதிர்காலத்தை அளக்கவேண்டாம். ஐபிஎம் 2023இல் 1121 க்யூபிட் உள்ள காண்டார் என்ற சில்லை அறிவித்தது. அதே நாளில் அறிவித்த ஹெரான் சில்லில் 133தான். பின்னர் அந்நிறுவனம் வளர்த்தெடுத்தது பிழை குறைந்த ஹெரானின் வழியைத்தான். 2024 டிசம்பரில் கூகுள் வெளியிட்ட வில்லோ சில்லில் 105 க்யூபிட்டுகளே. அதன் சிறப்பு வேறு: பிழைதிருத்தத்துக்கான க்யூபிட் சதுரத்தை 3×3, 5×5, 7×7 என்று பெரிதாக்கியபோது ஒவ்வொரு முறையும் பிழை ஏறக்குறைய பாதியானது. ஐபிஎம் 2029க்கு வைத்திருக்கும் இலக்கும் 200 தருக்கக் க்யூபிட், 10 கோடிச் செயல்கள் என்றே சொல்லப்படுகிறது. பல பௌதிகக் க்யூபிட்டுகள் சேர்ந்து ஒரு தருக்கக் க்யூபிட் ஆகும். செய்தியில் ஓர் எண்ணைப் பார்த்தால் எந்தக் க்யூபிட் என்று கேளுங்கள்.

இணையத் தகவலைக் காக்கும் ஆர்எஸ்ஏ-2048 என்ற மறையாக்கப் பூட்டை உடைக்க 2 கோடிக் க்யூபிட்டும் 8 மணி நேரமும் வேண்டும் என்று 2019இல் கிட்னி, எகேரா என்ற ஆய்வாளர்கள் இருவரும் மதிப்பிட்டார்கள். 2025இல் கிட்னியே அதைப் பத்து லட்சத்துக்குக் கீழ், ஒரு வாரத்துக்குள் என்று குறைத்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் கருவிகளைவிட வேகமாக மாறியது நிரல். இந்த வேலைக்கு ஆள் தேவைப்படும் என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. இந்திய அரசின் தேசிய குவாண்டம் திட்டமும் 2023இல் 6003.65 கோடி ரூபாயோடு தொடங்கியிருக்கிறது. 2031க்குள் 50 முதல் 1000 க்யூபிட்வரை எட்டுவது அதன் நோக்கங்களில் ஒன்று.

பலர் இந்த இடத்தில் குவாண்டம் இயந்திரக் கற்றலுக்குத் தாவுகிறார்கள். என் கருத்தில் அது பின்னால் வரவேண்டியது. தரவைக் க்யூபிட்டுகளில் ஏற்றுவதே பெரும்பாலும் கிடைக்கும் இலாபத்தை விழுங்கிவிடும். பிழைதிருத்தத்துக்குப் போங்கள். நூலகக் கட்டளைகள் எக்ஸிகியூட்டைப் போல ஒருநாள் காணாமல் போகும், பிழைதிருத்தத்தின் தருக்கம் போகாது.

தொடக்கம் எளிது. ஒரு பிட்டை மூன்று க்யூபிட்டில் பரப்பி, ஒவ்வொன்றிலும் 5 சதவீத வாய்ப்பில் எக்ஸ் பிழை விழச் செய்து, பெரும்பான்மை பார்த்து மீட்டெடுங்கள். தோல்வி 0.725 சதவீதமாக இறங்கும். பிழையை 60 சதவீதமாக்கினால் 64.8க்கு ஏறும், அதாவது காவல் போட்டதே கேடாகும். 50இல் கோடு கிழிக்கப்பட்டிருப்பதை வரைபடத்தில் பாருங்கள். பிறகு எக்ஸுக்குப் பதில் இசட் பிழையைப் போட்டு, எச் போட்ட நிலையிலிருந்து தொடங்குங்கள். இந்தக் காவல் அதை நிறுத்தாது. எச் வாயில்களை எங்கே சேர்த்தால் நிறுத்தும் என்று மூன்றாம் படியின் நோட்டைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். இரண்டு காவல்களையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் ஒன்பது க்யூபிட் வேண்டியிருக்கும். 1995இல் பீட்டர் ஷோர் என்ற கணிதவியலாளர் அடுக்கியதும் அப்படித்தான்.